பாயிரம் வேறு, மதிப்புரை வேறு

கோலாலம்பூரில் தமிழ் நூல் வெளியீடுகளுக்குப் போய் வருபவர்களுக்கு நிகழ்ச்சி நிரல் மனப்பாடம். தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, இரண்டு மூன்று வாழ்த்துரை, நூல் ஆய்வுரை, முதல் நூல் பெறுதல், பிறகு வந்தவர்கள் வரிசையாக மேடையேறி உறையைக் கொடுத்து நூலை வாங்கிப் படமெடுத்துக்கொள்வது, கடைசியில் சாப்பாடு. இந்த ஏற்பாட்டைக் குறை சொல்வதற்கில்லை. இங்கே பல தமிழ் நூல்கள் எழுதியவரின் கைப்பணத்தில்தான் அச்சாகின்றன. அச்சகத்துக்குக் கொடுத்த பணம் ஓரளவேனும் திரும்பி வருவது அந்த உறைகளால்தான். ஆனால் அந்த மேடையில் பேசிய ஆய்வுரையே மறுவாரம் ஞாயிறு பதிப்பில் 'நூல் மதிப்புரை' என்ற தலைப்பில் வந்துவிடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. விழாவுக்கு வந்தவர்கள் எழுதியவருக்கு வேண்டியவர்கள். பத்திரிகையைப் பிரிப்பவரோ 30 ரிங்கிட் கொடுத்து இதை வாங்கலாமா என்று யோசிக்கும் அந்நியர். இருவருக்கும் ஒரே பேச்சு பொருந்தாது.

இந்த வேறுபாட்டை நம் இலக்கணம் எப்போதோ கண்டிருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டு நூலான நன்னூல், ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் (நூலையும் ஆசிரியரையும் அறிமுகப்படுத்தும் முன்னுரை) சொல்லத் தகுந்தவர்கள் என்று நான்கு பேரைக் குறிக்கிறது: நூலாசிரியரின் ஆசிரியர், அவரோடு படித்தவர், அவருடைய மாணவர், அந்த நூலுக்கு உரை எழுதுபவர். நால்வரும் நெருங்கியவர்கள். தன்னைத் தானே புகழ்வது தகாது என்பதால் அந்த வேலை அவர்கள் கைக்குப் போகிறது. நம் வாழ்த்துரையும் அணிந்துரையும் விழா ஆய்வுரையும் அந்தப் பாயிர மரபின் தொடர்ச்சி. மதிப்புரைகாரர் அந்த நால்வருக்கும் வெளியே நிற்க வேண்டியவர். கோலாலம்பூர், பினாங்கு இலக்கிய வட்டங்கள் சிறியவை என்பதால் முழுக்க வெளியே நிற்பது பல நேரம் முடியாது. எழுதியவர் நமக்குத் தலைமையாசிரியராக இருந்திருப்பார், சங்கத்தில் கூட இருப்பார், உறவுமுறையாகவும் இருக்கலாம். அப்போது முதல் பத்தியிலேயே ஒரு வரியில் அதைச் சொல்லிவிட வேண்டும். வாசகர் அதற்கேற்பக் கழித்துப் படித்துக்கொள்வார். மறைத்து, பிறகு தெரியவந்தால், அடுத்தடுத்து எழுதும் மதிப்புரைகளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

பத்துக் குற்றம், வகைக்கு ஓர் எடை

அதே நன்னூல் நூலுக்கு ஆகாதவை என்று பத்துக் குற்றங்களையும் அடுக்குகிறது: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. பள்ளியில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன பட்டியல்தான். ஆனால் பல வகை நூல்களை வாசித்து எழுதுகிறவருக்கு இதைவிடக் கையடக்கமான கருவி கிடையாது. நன்னூலார் மனத்தில் இருந்தது இலக்கண நூல் போன்ற அறிவு நூல். நாவலும் சமையல் குறிப்பும் துப்பறியும் கதையும் படிக்கும் நாம், ஒவ்வொரு குற்றத்துக்கும் அந்தந்த வகையில் எவ்வளவு எடை என்று மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

குன்றக் கூறல் சமையல் நூலில் பெருங்குற்றம். புளி எவ்வளவு என்று சொல்லாமல் விட்டால் குழம்பு கெட்டுவிடும். கவிதையிலோ சொல்லாமல் விடுவதுதான் பாதி வேலை. மயங்க வைத்தல் வரலாற்று நூலில் பொறுக்க முடியாதது. துப்பறியும் கதையில் கடைசி இயல்வரை மயங்க வைக்காவிட்டால் கதையே இல்லை. கூறியது கூறல் கட்டுரைத் தொகுப்பை நீர்க்கச் செய்யும். ஏழு வயதுப் பிள்ளைக்கான கதையில் அதே வாக்கியம் பக்கத்துக்குப் பக்கம் திரும்பி வருவதுதான் பிள்ளையை நூலோடு சேர்ந்து சொல்லவைக்கும். மற்றொன்று விரித்தலுக்குப் பெருநாவலில் இடம் உண்டு. 96 பக்க வாழ்க்கை வரலாற்றில் 20 பக்கம் ஊர்ப்பெருமை என்றால் அது குற்றம். மாறுகொளக் கூறல், சென்று தேய்ந்து இறுதல் இரண்டு மட்டும் எந்த வகையிலும் மன்னிக்கத்தக்கவை அல்ல. நம் நாவல்களில் அதிகம் காணும் குறை இரண்டாவதுதான். முதல் நூறு பக்கம் நின்று நிதானமாகப் போகும் கதை, அச்சுச் செலவு நினைவுக்கு வந்ததுபோல் கடைசி 20 பக்கத்தில் மூன்று மரணம், ஒரு திருமணம் என்று முடிந்துவிடும்.

ஒரு வகையின் அளவுகோலை இன்னொரு வகைக்கு மாற்றிப் பிடிப்பதுதான் பல்வகை வாசகர்கள் அடிக்கடி செய்யும் தவறு. பேய்க்கதையில் சமூகச் செய்தி இல்லை என்று குறை சொல்வது, தன்வரலாற்றில் கதைத்திருப்பம் போதவில்லை என்று எழுதுவது எல்லாம் இந்த வகை. நூல் எதைத் தருவதாகச் சொல்லிக்கொண்டு வந்ததோ அதைத் தந்ததா என்பதுதான் முதல் கேள்வி. அப்படிச் சொல்லிக்கொண்டு வந்தது தகுதியான பொருள்தானா என்பது இரண்டாவது.

பிரித்ததும் பார்க்க வேண்டியவை

கதைக்குள் போவதற்கு முன் பதிப்பு விவரப் பக்கத்தில் ஐந்து நிமிடம் செலவழிக்க வேண்டும். முதல் பதிப்பு எந்த ஆண்டு, இது எத்தனையாவது பதிப்பு, முன்பு வேறு பெயரில் வந்ததா, தொடராக வந்ததா, பரிசு பெற்ற கையெழுத்துப்படியா என்பதெல்லாம் அங்கே தெரியும். ஐஎஸ்பிஎன் எண்ணின் தொடக்கமே ஊரைச் சொல்லிவிடும்: 978-க்குப் பின் 967, 983, 629 வந்தால் மலேசியா; 81, 93 இந்தியா; 955, 624 இலங்கை; 981 சிங்கப்பூர். எண்ணே இல்லையென்றால் நூலகங்களும் கடைகளும் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது சிரமம். அதையும் மதிப்புரையில் குறிப்பிடலாம். மலேசியாவில் அச்சாகும் நூலின் 5 பிரதிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று 1986-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பழைய பதிப்போடு ஒப்பிட வேண்டிய நூல் என்றால் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள அந்த நூலகமும், மலாயாப் பல்கலைக்கழக நூலகமும் தேட வேண்டிய இடங்கள். இந்திய ஆய்வியல் துறை 1956 முதல் இயங்கும் பல்கலைக்கழகம் என்பதால் பழைய தமிழ் நூல்கள் அங்கே சேர்ந்திருக்கின்றன.

அடுத்து, பக்க எண்களை விரலால் ஓட்டிப் பார்ப்பது. நூல்கள் பெரும்பாலும் 8 அல்லது 16 பக்க ஃபாரங்களாக அச்சாகி, மடிக்கப்பட்டு, சேர்க்கப்படுகின்றன. ஒரு ஃபாரம் விடுபட்டால் 8 அல்லது 16 பக்கம் காணாமல் போகும். இரட்டித்தால் அதே பக்கங்கள் திரும்ப வரும். 'கதை திடீரென்று தாவுகிறது' என்று எழுதிய பிறகு அது தையல்காரரின் பிழை என்று தெரிவது பெரிய சங்கடம். எழுத்துப்பிழைகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். துணைக்காலுக்குப் பதில் ரகரமும், ஔகாரக் குறிக்குப் பதில் ளகரமும் தட்டச்சில் நுழைவது சாதாரணம். பழைய எழுத்துருவில் தட்டியதை யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் புள்ளியும் இடம் மாறும். ஒரே வகைப் பிழை நூல் முழுக்க ஒரே சீராக வந்தால் அது மாற்றத்தில் விளைந்தது. வல்லினம் மிகும் இடங்களில் மட்டும் தடுமாற்றம் என்றால் அது எழுதியவருடையது, அல்லது மெய்ப்புப் பார்த்தவருடையது. இரண்டையும் பிரித்துச் சொல்வதுதான் நியாயம்.

வாழ்த்துரை, அணிந்துரை, முன்னுரை அனைத்தையும் நூலைப் படித்து முடித்த பிறகு படியுங்கள். முதலில் படித்தால் அவற்றின் சொற்கள் நம் கையெழுத்தில் வந்து உட்கார்ந்துவிடும்.

படிக்கும் நேரத்தைக் கணக்குப் போட்டே நூலை ஒப்புக்கொள்ள வேண்டும். மணிக்கு 30 பக்கம் என்று வைத்தால் 240 பக்க நாவலுக்கு 8 மணி நேரம்; சந்தேகமான இடங்களைத் திரும்பப் படிக்க இன்னும் 3 மணி நேரம். முதல் வாசிப்பில் ஓரத்தில் பென்சில் புள்ளி மட்டும் வைத்தால் போதும். ஏன் என்று எழுத நிற்க வேண்டாம். முடித்த மறுநாள் புள்ளி வைத்த பக்கங்களை மட்டும் புரட்டி, ஒரு தாளில் பக்க எண்ணோடு அரை வரி எழுதுங்கள். பாதிப் புள்ளிகளுக்குக் காரணமே நினைவு வராது, அவற்றை விட்டுவிடலாம். மிஞ்சும் பத்துப் பன்னிரண்டு குறிப்புகள்தான் மதிப்புரையின் எலும்புக்கூடு. சிறுகதைத் தொகுப்பை ஒரே மூச்சில் படிக்கக் கூடாது. நாளுக்கு இரண்டு கதைக்கு மேல் போனால் ஐந்தாவது கதையின் குறை ஒன்பதாவது கதையின் தலையில் விழும். கவிதைக்கு நாளுக்குப் பத்து, அதுவும் வாய்விட்டு.

தோட்டத்து நாவலைச் சோதிப்பது

மலேசியத் தமிழ்ப் புனைகதையில் ரப்பர் தோட்டம், ஜப்பானியர் காலம், அவர்கள் ஆள் பிடித்துப்போய்ப் போட்ட சயாம் ரயில்பாதை, கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் ஆகியவை திரும்பத் திரும்ப வரும் களங்கள். இவற்றில் மதிப்புரைகாரருக்கு இரட்டை வேலை: கதையாக நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும், காலமும் களமும் பொருந்துகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: 'மாலை வெயில் சாயத் தொடங்கியதும் அவள் மங்கும் வாளியுமாகப் பால் வெட்டக் கிளம்பினாள்.' மங்கு என்பது மரத்தில் வடியும் பாலைப் பிடிக்கும் கிண்ணம். நடை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பால்மரத்தின் பட்டைக்குள் அழுத்தம் அதிகம் இருப்பது விடியலின் குளிரில்தான். வெயில் ஏறியதும் இலைவழியே நீர் ஆவியாகி அழுத்தம் இறங்க, பால் சுரப்பும் குறையும். அதனால்தான் இருட்டிலேயே பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), விடிவதற்குள் மரத்தடி, மதியத்துக்குள் பால் எடுத்து நிறுவை என்று தோட்டத்து நாள் அமைந்தது. மாலையில் பால் வெட்டுவது அந்த அமைப்பிலேயே இல்லாதது. அதற்காக உடனே 'பிழை' என்று எழுதிவிடவும் கூடாது. காலையில் மழை பெய்திருந்தால் பட்டை காயும்வரை காத்திருந்து தாமதமாக வெட்டியதும் உண்டு. ஈரப் பட்டையில் வெட்டினால் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து வீணாகும். ஆகவே முந்தைய இரண்டு பக்கத்தில் மழை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் எழுத்தாளர் தோட்டம் அறிந்தவர். வராவிட்டால் மற்ற விவரங்களையும் சந்தேகத்தோடு படிக்க வேண்டும்: மங்கில் உறைந்த கட்டிப்பாலையும் வெட்டுக்கோட்டில் காய்ந்த ஒட்டுப்பாலையும் ஒன்றாகக் குழப்புகிறாரா, கணக்கு எழுதும் கிராணி, ஆட்களை மேற்பார்க்கும் தண்டல், கங்காணி மூவரின் வேலையும் பிரிந்து தெரிகிறதா, பிப்ரவரி, மார்ச்சில் இலையுதிர்ந்து பால் குறையும் காலம் அந்தக் குடும்பத்தின் வரவுசெலவில் தெரிகிறதா என்று.

ஆண்டுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கியது 8 டிசம்பர் 1941, ஜார்ஜ்டவுனில் குண்டு விழுந்தது 11 டிசம்பர், கோலாலம்பூர் வீழ்ந்தது 11 ஜனவரி 1942. 415 கிலோமீட்டர் சயாம் ரயில்பாதை இணைந்தது அக்டோபர் 1943. அவசரகாலம் ஜூன் 1948 முதல் 31 ஜூலை 1960 வரை. ஒரு பாத்திரம் 1944-இல் 'புதிதாகப் பாதை போட' ஆள் பிடித்துக்கொண்டு போகப்பட்டால் கேள்வி கேட்கலாம்; பராமரிப்புக்கும் பழுதுபார்ப்புக்கும் போனதாகச் சொன்னால் நியாயம். நகரக் கதைகளுக்கு வேறு சோதனை உண்டு. பினாங்குப் பாலம் திறந்தது 1985-இல். அதற்கு முன் காரில் வந்தாலும் பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறாமல் தீவுக்குள் வர முடியாது. கோலாலம்பூரின் புடுராயா பேருந்து நிலையம் 1976-இல் வந்தது. 1969 மே கலவரக் கதையில் அது இருக்கக் கூடாது. 'ரிங்கிட்' அதிகாரபூர்வமான பெயரானது 1975-இல். ஐம்பதுகளில் லயத்து (தோட்டக் குடியிருப்பு) தமிழர் வாயில் வெள்ளியும் காசும்தான்.

இந்தச் சோதனையில் அவசரம் ஆபத்து. 1950-இல் நடக்கும் கதையில் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தால், ரப்பரை அழித்துச் செம்பனை போட்டதெல்லாம் பிற்காலம்தானே என்று தோன்றும். ஆனால் கோலசிலாங்கூர் வட்டாரத்தின் தென்னமாரம் தோட்டத்தில் 1917-லேயே வணிகமுறையில் செம்பனை நட்டாயிற்று. ஒரு விவரத்தைப் பிழை என்று அச்சில் சொல்வதற்கு முன் குறைந்தது இரண்டு இடத்தில் சரிபாருங்கள். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் இணையச் செய்தித்தாள் தொகுப்பில் மலாயாவின் பழைய ஆங்கில நாளேடுகளும், 1935-இல் தொடங்கிய தமிழ் முரசும் தேடும் வசதியோடு இருக்கின்றன.

விவரம் எல்லாம் சரியாக இருந்தும் நாவல் தோற்றுப்போகலாம். ஆய்வேட்டின் துல்லியத்தோடு எழுதிய நாவல்களில் மனிதர்கள் தகவல் சொல்வதற்காகவே வாயைத் திறப்பார்கள். ஒரு மதிப்புரை தேதிப் பிழைகளோடு நின்றுவிட்டால் அது மெய்ப்புத் திருத்தம்தான். அந்தப் பெண் ஏன் அந்த ஊரை விட்டுப் போகவில்லை, போயிருக்கலாமே என்று வாசகருக்குத் தோன்றும் இடத்தில் நாவல் என்ன செய்கிறது? அதற்கு விடை தேடும் பத்திதான் நாவல் மதிப்புரையின் நடுப்பத்தி.

செய்யுளும் கவிதையும்

மரபுக்கவிதை இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆகவே யாப்பைச் சோதிக்கத் தெரியாமல் அந்தத் தொகுப்புகளுக்கு மதிப்புரை எழுத முன்வரக் கூடாது. வெண்பா என்று போட்டிருந்தால் மூன்றைப் பார்த்தால் போதும்: ஈற்றடியில் மூன்று சீர், மற்ற அடிகளில் நான்கு, ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு நான்கில் ஒன்று, இடையில் தளை (ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் முறை) தட்டாமல் இருப்பது. முதல் குறளையே பிரித்துப் பாருங்கள். அகர, முதல இரண்டும் புளிமா; எழுத்தெல்லாம் புளிமாங்காய்; ஆதி தேமா; பகவன், முதற்றே இரண்டும் புளிமா; உலகு பிறப்பு. மாச்சீரை அடுத்து நிரையசை, காய்ச்சீரை அடுத்து நேரசை வர வேண்டும். அகர என்ற மாவுக்குப் பின் 'முத' நிரை. எழுத்தெல்லாம் என்ற காய்க்குப் பின் 'ஆ' நேர். கடைசிவரை ஒரு தட்டல் இல்லை. தொகுப்பிலிருந்து ஐந்து வெண்பாவை இப்படிப் பிரித்தால் அரை மணி நேரத்தில் கவிஞரின் கை தெரிந்துவிடும். பிறகுதான் பெரிய கேள்வி: தளைக்காகச் சேர்த்த சொல் எது, பொருளுக்காக வந்த சொல் எது. 'நன்றே', 'அன்றோ', 'தானே' என்று சீரை நிரப்பும் அசைகள் பெருகினால் அது வெற்றெனத் தொடுத்தல்.

புதுக்கவிதைக்குச் சோதனை எளிது. வரிகளை ஒட்டி உரைநடையாக எழுதிப் படியுங்கள். எதுவும் இழக்கவில்லை என்றால் அந்த வரிமுறிப்புக்கு வேலை இருக்கவில்லை.

மொழிபெயர்ப்பு, வரலாறு, தன்வரலாறு

மலாயிலிருந்து தமிழுக்கு வரும் நூல்களில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, நேராக வந்ததா ஆங்கிலம் வழியா என்பது. மூலம் கிடைத்தால் முதல் பக்கம், நடுவில் ஒரு பக்கம், உரையாடல் மிகுந்த ஒரு பக்கம் என்று மூன்றை அருகருகே வைத்து ஒப்பிடலாம். மலாயில் 'டியா' ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது, 'அடேக்' தம்பிக்கும் தங்கைக்கும் பொது. தமிழில் இரண்டுக்கும் பாலைச் சொல்லியே ஆக வேண்டும். மூல ஆசிரியர் பத்துப் பக்கம் மறைத்துவைத்ததை மொழிபெயர்ப்பாளர் முதல் வரியில் உடைத்துவிட்டாரா, அல்லது பெயரையும் 'அந்தப் பிள்ளை' போன்ற சொற்களையும் வைத்துச் சமாளித்தாரா என்று பாருங்கள். நல்ல மொழிபெயர்ப்பாளரின் உழைப்பு இப்படிப்பட்ட இடங்களில் இருக்கிறது. அதைக் கண்டு பாராட்ட வேறு ஆள் கிடையாது. மூலம் கிடைக்காவிட்டால் 'மூலத்தோடு ஒப்பிடவில்லை' என்று எழுதிவிட்டு, தமிழாக நிற்கிறதா என்று மட்டும் சொல்லலாம்.

வரலாற்று நூலில் மூன்று அடிக்குறிப்புகளை எடுத்து, சுட்டிய நூலில் அந்தப் பக்கத்தில் அந்தச் செய்தி உண்மையில் இருக்கிறதா என்று தேட வேண்டும். மூன்றில் ஒன்று பிசகினாலும் இன்னும் மூன்று. பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், இலங்கை நூல்களுக்கு நூலகம் இணையதளமும் கைகொடுக்கும். பெயர்ச்சுட்டு (எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் என்ற பட்டியல்) இல்லாத 300 பக்க வரலாற்று நூல் பாதி உபயோகம்தான். இதை விடாமல் எழுதிக்கொண்டே இருந்தால்தான் பதிப்பாளர்கள் சேர்ப்பார்கள்.

தன்வரலாறுகளில் நினைவு ஆண்டுகளைக் குழப்புவது இயல்பு, அதற்காக நூலைத் தள்ளிவிடக் கூடாது. சம்பளம் எத்தனை வெள்ளி, அரிசி எப்படிக் கிடைத்தது, யார் வீட்டில் தங்கிப் படித்தார் போன்ற சிறு விவரங்களுக்காகவே அவை விலைமதிப்பற்றவை. அந்தப் பக்கங்களை மதிப்புரையில் எடுத்துக்காட்டினால் பிறகு வரும் ஆய்வாளருக்கும் உதவும்.

சமைத்துப் பார்க்காமல் எழுதக் கூடாது

சமையல் நூலுக்கு மதிப்புரை எழுதக் குறைந்தது மூன்று பண்டம் செய்ய வேண்டும்: எளியது ஒன்று, கைப்பழக்கம் வேண்டியது ஒன்று, அவித்ததோ அடுமனையில் வைத்ததோ ஒன்று. முதல் முறை நூலில் உள்ளபடியே, நம் கைமணத்தை நுழைக்காமல், கடிகாரமும் தராசும் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். பொருள் பட்டியலில் உள்ளதெல்லாம் செய்முறையில் வருகிறதா என்று முதலில் கோடு போட்டுப் பாருங்கள். பட்டியலில் இருக்கும் சோம்பு செய்முறையில் எங்கும் வராமல் போவது அடிக்கடி நடக்கும். 'கப்' என்றால் எத்தனை மில்லிலிட்டர் என்று நூல் எங்காவது சொல்கிறதா? 200 என்று நினைத்தவரும் 250 என்று நினைத்தவரும் நான்கு கப் தண்ணீரில் 200 மில்லி விலகிப்போவார்கள். பிரியாணி குழைவதும் விறைப்பதும் அங்கேதான். '5 நிமிடத்தில் வெங்காயம் பொன்னிறமாகும்' என்று போட்டிருந்தால் நம்பவேண்டாம். கால் கிலோ வெங்காயம் மிதமான தீயில் பொன்னிறமாக 15 நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். சென்னையில் அச்சான நூல் என்றால் அது கேட்கும் காயும் மீனும் கோலாலம்பூரின் சௌகிட் சந்தையிலும் பினாங்கின் சௌராஸ்தா சந்தையிலும் கிடைக்குமா, பெட்டித் தேங்காய்ப்பாலைப் போட்டால் தண்ணீரை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று இங்குள்ள வாசகருக்குச் சொல்வதும் மதிப்புரையின் வேலை.

மருத்துவக் குறிப்பு நூல்களில் செய்து பார்க்கும் சோதனையே கூடாது. அளவு, யார் சாப்பிடக் கூடாது, எத்தனை நாள் என்ற மூன்றும் இல்லாத நூலை அந்தக் காரணம் சொல்லியே நிராகரிக்கலாம்.

பிள்ளைகள் நூலை ஒரு பிள்ளையிடம் கொடுத்துப் பார்ப்பதுதான் முறை. வாசித்துக் காட்டி, எங்கே கண் நூலை விட்டு விலகுகிறது என்று பாருங்கள். மறுநாள் கதையைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் 1816-இல் தமிழ் வகுப்பு தொடங்கிய நாடு இது. அப்படியிருந்தும் கடையில் கிடைக்கும் பிள்ளைகள் நூல்களில் பல இங்குள்ள பிள்ளையை மனத்தில் வைத்து எழுதியவை அல்ல. இங்கே 'ஐந்தாம் வகுப்பு' இல்லை, 'ஆண்டு ஐந்து'. உள்ளூர் நூலிலும் படத்தைக் கவனியுங்கள்: தமிழ்ப்பள்ளிப் பையனுக்குக் கருநீலக் கால்சட்டை, பச்சைக் கால்சட்டை இடைநிலைப்பள்ளிக்குரியது. பிள்ளைகள் இதை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

துப்பறியும் கதையில் முடிவை அறிந்தபின் திரும்ப வந்து, துப்புகள் எந்தெந்தப் பக்கத்தில் வைக்கப்பட்டன என்று பார்க்க வேண்டும். வாசகர் கண்முன் இல்லாத ஒரு கடிதத்தால் கடைசியில் குற்றவாளி பிடிபட்டால் ஆட்டம் நியாயமில்லை. அதை வெளியே சொல்லும்போது கதையின் முதல் கால்பகுதிக்கு அப்பால் எதையும் உடைக்காமல் சொல்ல வேண்டும்.

எழுதும்போது

600 சொல் மதிப்புரையில் கதைச்சுருக்கம் 150 சொல்லைத் தாண்டக் கூடாது. நன்னூல் பாயிரத்துக்குச் சொன்ன எட்டுச் செய்திகளில் ஆக்கியோன் பெயர், நூற்பெயர், நுதலிய பொருள், கேட்போர், பயன் ஐந்தும் முதல் இரண்டு பத்திக்குள் வந்துவிட வேண்டும். இவற்றில் எல்லாரும் தவறவிடுவது கேட்போர். 'அனைவரும் படிக்க வேண்டிய நூல்' என்ற வரி யாருக்கும் எதையும் சொல்லவில்லை. 'எஸ்.பி.எம். (இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு) தமிழ் இலக்கியம் எடுக்கும் மாணவர் சிரமமின்றிப் படிக்கலாம், இரண்டாம் பகுதியின் வட்டார வழக்குக்கு மட்டும் பெரியவர் உதவி வேண்டும்' என்றால் வாங்குபவருக்குப் பயன்.

ஒவ்வொரு தீர்ப்புக்கும் ஒரு பக்க எண் துணையாக இருக்க வேண்டும். 'விறுவிறுப்பு குறைவு' என்று விட்டுவிடாமல், 'நாயகன் தோட்டத்தை விட்டுக் கிளம்பவே 62 பக்கம் ஆகிறது. அதில் 40 பக்கம் தாத்தாவின் கதை, அது பிறகு எங்கும் வரவில்லை' என்று எழுதுங்கள். பாராட்டுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். 'சரளமான நடை' என்று எழுதும் இடத்தில் அந்த நடையின் இரண்டு வரியை எடுத்து வைத்தால் அடைமொழியே தேவைப்படாது. மேற்கோள் இரண்டு மூன்று போதும். மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டம் விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறது, நூற்பெயரும் ஆசிரியர் பெயரும் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. கவிதையில் கவனம் தேவை: எட்டு வரிக் கவிதையை முழுதாக எடுத்தால் அது மேற்கோள் ஆகாது, மறுபதிப்பு.

நூலைப் பற்றிய கருத்து, எழுதியவரைப் பற்றிய கருத்து இரண்டுக்கும் நடுவே கோடு தடித்தே இருக்கட்டும். 'இந்த இயல் தகவல் ஆதாரமின்றி நிற்கிறது' என்று சொல்ல உரிமை உண்டு. 'எழுதியவர் யாரிடமோ திருடியிருப்பார்' என்று சந்தேகத்தை எழுத உரிமை இல்லை. அவதூறு வழக்கு வரை போகும் வரி அது. இரண்டு நூல்களில் ஒரே பத்தி இருந்தால் இரண்டையும் பக்க எண்ணோடு அருகருகே வைத்துவிட்டு விலகிக்கொள்ளலாம்.

அனுப்பும் முன் பத்துக் குற்றப் பட்டியலை நம் மதிப்புரைக்கே ஒருமுறை பிடித்துப் பார்ப்பது நல்லது. நம் மதிப்புரைகளில் அதிகம் இருப்பது மற்றொன்று விரித்தல்: நூலுக்கு வருவதற்கு முன் நாவல் வரலாறு இரண்டு பத்தி. அதை வெட்டினால் நடுவில் சொல்லாமல் விட்ட காரணத்துக்கு இடம் கிடைக்கும்.

வெளியான பின் நூலாசிரியரிடமிருந்து அழைப்பு வரும். கோபம் மட்டும் என்றால் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, எழுதியதை மாற்றாமல் விடலாம். சான்று காட்டி ஒரு விவரம் தவறு என்று நிறுவினால், அடுத்த இதழிலேயே, மதிப்புரை வந்த அதே பகுதியில், எந்த வரி தவறு, சரியானது எது என்று தேதியோடு திருத்தம் போட வேண்டும். மின்பதிப்பு என்றால் பழைய வரியை ஓசையின்றி மாற்றாமல் திருத்தத்தை மேலேயே குறிக்க வேண்டும். குறிப்பெடுத்த பிரதியையும் தாளையும் தூக்கிப்போட வேண்டாம். இரண்டாம் பதிப்பு வரும்போது எது திருந்தியது, எது அப்படியே நிற்கிறது என்று ஒப்பிட அவை வேண்டும்.